எழுதப்படும் முகம்: கியூபிச ஓவியமும் மதுரைச் சிறுவரும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்தைப் பாடுவது. நப்பண்ணனார் இயற்றிய அப்பாடலில் பாண்டியன் தன் சுற்றத்தோடு குன்றத்திற்கு வருகிறான். கூடல்நகர மக்களும் திரண்டு வருகின்றனர். வந்தவர்கள் செய்யும் செயல்களுள் ஒன்று, அங்கிருந்த மண்டபத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் காணுதல். மகளிர் ஓவியத்தைச் சுட்டி இவர் யார் என வினவுகின்றனர். உடன் வந்தோர், இவள் இரதி, இவன் காமன் என விடையிறுக்கின்றனர். மற்றொரு பக்கத்தில் பூனையுருக் கொண்ட இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், அச்சினத்தால் அவள் கல்லாகிய நிலை என ஒவ்வொன்றாய்ச் சொல்லிச் செல்கிறார்கள். ஓவியத்தின் முன் நின்று, கேட்டு, கேட்டதை மீண்டும் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு கூட்டத்தை, ஏறத்தாழ இன்றைய கலைக்கூடம் ஒன்றில் காண்பதுபோலவே அப்புலவர் காட்டியிருக்கிறார்.

அம்மண்டபத்திற்குப் பரிபாடல் தரும் பெயர் எழுத்துநிலை மண்டபம் என்பது. எழுத்து என்னும் சொல் அங்கு ஓவியத்தைக் குறித்து நின்றது. இப்பொருள் தமிழில் முற்றும் மறைந்துவிடவில்லை. கண்ணுக்கு மை எழுதுகிறோம். சங்கப் பாடல்களில் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினர். நாடகக் கொட்டகைக்குப் படுதா தீட்டியவரைச் சீன் எழுதுபவர் என்றே அண்மைக்காலம் வரை மக்கள் அழைத்தனர். மதுரைக்காஞ்சியோ நகரின் அங்காடித் தெருவில் ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. காண்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது உரைமரபு தரும் விளக்கம். சுவரிலோ துணியிலோ அல்ல, கண்ணிலே நிறுத்துவோர் என்ற இந்த விளக்கத்தைக் கவிஞர்கள் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முகத்தைப் பார்த்து நகலெடுப்பது ஒன்று. அறிந்த முகத்தை எழுதுவது வேறொன்று. நம் பள்ளிகளின் ஓவிய வகுப்பு கடந்த ஒன்றரை நூற்றாண்டாக முன்னதையே கற்பித்து வந்துள்ளது. பின்னதை மீண்டும் சிறுவர் கையில் தருவதற்கு, வியப்பாகத் தோன்றினாலும், பாரிசு நகரில் பிறந்த ஓர் ஓவியமுறை நமக்கு உதவக்கூடும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

பாரிசில் உடைந்த முகம்

கியூபிசத்தைக் கனசதுரவியம் என்றும் கனவடிவவாதம் என்றும் தமிழில் பெயர்த்துள்ளனர். அப்பெயர் பிறந்ததே ஏளனத்தில்தான். 1908ஆம் ஆண்டில் ழார்ழ் பிராக்கின் ஓவியங்களைக் கண்ட விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறைத்துவிட்டார் என்ற பொருள்பட எழுதினார். ஏளனமே பெயராக நிலைத்தது. ஓர் ஏளனப் பெயரைச் செம்மையாக மொழிபெயர்த்து ஆவதொன்றுமில்லை ஆதலால் நான் கியூபிசம் என்றே வழங்குகிறேன்.

பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஓவியம் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தது. பார்ப்பவன் ஒரே இடத்தில் அசையாமல், ஏறத்தாழ ஒற்றைக் கண்ணால் பார்க்கிறான் என்று அது கொண்டது. தொலைவில் உள்ளது சிறுக்கும், மறைந்திருப்பது வரையப்படாது. இந்த உடன்பாட்டைத்தான் பிக்காசோவும் பிராக்கும் 1907ஆம் ஆண்டிற்கும் 1914ஆம் ஆண்டிற்கும் இடையே உடைத்தனர். பிக்காசோ 1907இல் வரைந்த 'அவிஞ்ஞோன் மங்கையர்' என்னும் பெரிய ஓவியத்தில் நேராக நம்மை நோக்கும் முகத்தில் பக்கவாட்டு மூக்கு அமர்ந்திருக்கிறது. ஓவியன் பெண்ணைச் சுற்றி நடந்து வந்து, கண்ட யாவற்றையும் ஒரே துணியில் இட்டதுபோன்ற தோற்றம். அதற்குப் பின்னால் செசான் இருக்கிறார், பண்டைய ஐபீரியச் சிற்பங்கள் இருக்கின்றன, பாரிசு அருங்காட்சியகத்தில் பிக்காசோ கண்ட ஆப்பிரிக்க முகமூடிகளும் இருக்கின்றன. அம்முகமூடிகளைச் செய்தவர் பெயர் ஒன்றும் கலை வரலாற்றில் எழுதப்படவில்லை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இதற்கு ஓராண்டு முன் நடந்த ஒன்று, சிறுவருக்குக் கற்பிக்க விரும்புவோர்க்கு இன்னும் பயன் தருவது. எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் உருவத்தை வரைய முற்பட்ட பிக்காசோ அவரைப் பலமுறை எதிரில் அமர்த்திப் பார்த்தார். முகம் கைவரவில்லை. எழுதிய முகத்தை அழித்துவிட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். திரும்பி வந்து, 1906இல், அவர் எதிரில் இல்லாத வேளையில் நினைவிலிருந்தே முகத்தை முடித்தார். முகமூடி போன்ற அம்முகம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. எதிரில் இருந்தபோது எழுத முடியாத முகம், எதிரில் இல்லாதபோது எழுத வந்தது.

ஒரு தெளிவு இங்கு வேண்டும். கியூபிச முகத்தை அரூப ஓவியம் என்று நம்மவர் பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். முற்றிலும் உருவம் துறந்த ஓவியத்திற்குப் பிக்காசோ செல்லவே இல்லை. எவ்வளவு உடைந்தாலும் அங்கே ஒரு மூக்கு, ஒரு மீசை, ஒரு சட்டைப் பொத்தான் எஞ்சியிருக்கும். அந்த எச்சம்தான் ஓவியத்தை முகமாக நிறுத்துகிறது. தற்காலக் கவிதையின் படிமத்தைப் பற்றியும் இதையே சொல்லத் தோன்றுகிறது. அது வேறொரு கட்டுரைக்குரியது.

சிறுவர் அறிந்ததை வரைகின்றனர்

ஐந்து முதல் எட்டு, ஒன்பது வயது வரையுள்ள குழந்தை பக்கவாட்டு முகம் வரையும்போது பெரும்பாலும் இரு கண்களையும் இட்டுவிடும். வீட்டை வரைந்தால் சுவருக்கு உள்ளிருக்கும் அம்மாவும் அடுப்பும் தெரியும். ஆங்கில உளவியலறிஞர் ஜேம்ஸ் சல்லி 1895இலேயே இதைக் குறித்தார். பிரெஞ்சு அறிஞர் ழார்ழ்-ஆன்ரி லுக்கே 1927இல் குழந்தை ஓவியம் பற்றி வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். குழந்தை கண்டதை வரைவதில்லை, அறிந்ததை வரைகிறது என்பது அதன் சாரம். முகத்திற்குக் கண் இரண்டு என்று குழந்தைக்குத் தெரியும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஒன்று மறையும் என்பது அதற்கு ஒரு பொருட்டன்று.

வளர்ந்தவர்களும் அவ்வாறு எழுதியுள்ளனர். எகிப்தியர் பக்கவாட்டு முகத்தில் நேர்க்கண்ணை வைத்தனர். மேற்கிந்தியச் சமணச் சுவடிகளில், ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரை, முகம் ஒருபுறம் திரும்பியிருக்க, மறைய வேண்டிய மறுகண் கன்ன எல்லையைத் தாண்டிக் காற்றில் துருத்தி நிற்கும். எழுதியவர் கைத்திறம் குன்றியவர் அல்லர். ஒரு கண்ணை இழந்த முகத்தை முழுமுகமாகக் கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை.

நம் மண்ணிலும் இதற்கு இணையானவை உண்டு. திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு முகங்களுக்கும் வெவ்வேறு தொழில் வகுக்கிறது. ஒன்று உலகுக்கு ஒளி தருகிறது, ஒன்று வரம் அளிக்கிறது, ஒன்று வேள்வி காக்கிறது, ஒன்று மறைபொருளை ஆராய்கிறது, ஒன்று களத்தில் சினக்கிறது, ஒன்று குறமகளோடு மகிழ்கிறது. தாராசுரம் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. சிறுவர் இதன்முன் ஒரு நாழிகை நிற்பர்.

ஆயினும் கியூபிசம் அன்றே நம்மிடம் இருந்தது என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆறுமுகம் ஆறு முழு முகங்கள். கியூபிச முகம் உடைந்த ஒரு முகம். உடைவதற்கு முன் ஒரு விதி இருந்தது. அவ்விதியின் சலிப்பும், நிழற்படக் கருவியின் வரவும், பெருநகர வாழ்வின் சிதறலும் சேர்ந்தே அதை உடைத்தன. அதைப்போலவே, குழந்தையைப் பிக்காசோ என்பதும் வீண் புகழ்ச்சி. குழந்தை விதியை இன்னும் அடையவில்லை, ஓவியன் அதைக் கடந்து வந்தான். இருவரும் ஒரு வாசலில் எதிரெதிராகச் சந்திக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. அந்தச் சந்திப்பு, சரியான வயதில் நிகழ்ந்தால், கற்பித்தலுக்குப் பெரிதும் பயன்படும்.

நகலெடுக்கப் பழகிய கை

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தம் முயற்சியால் தொடங்கினார். விரைவிலேயே அரசு அதை ஏற்றது. இன்றைய சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அது. அக்காலத்து இலண்டனில் சவுத் கென்சிங்டன் முறை என்றொன்று வகுக்கப்பட்டிருந்தது. கோடு, வடிவம், நிழல், வண்ணம் என்று 23 படிநிலைகளில் மாணவன் ஏற வேண்டும். தொடக்கப் படிகளில் அவன் செய்வதெல்லாம் அச்சிட்ட மாதிரியைப் பார்த்து நகலெடுப்பதே. ஆலைகளுக்கும் கைத்தொழிலுக்கும் வேண்டிய வரைஞர்களை உருவாக்குவது அதன் நோக்கம். அந்நோக்கத்திற்கு அது பொருந்திய முறைதான். அதையே காலனிநாட்டுச் சிறுவருக்கும் ஓவியக் கல்வி என்று கொடுத்தபோதுதான் தீங்கு நேர்ந்தது.

அதன் நிழல் இன்றும் நம் ஊர்களில் விழுந்திருக்கிறது. அரசு தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவுக்கு, 'லோயர்', 'ஹையர்' என்று மாணவர் சொல்வதற்கு, பயில்வோர் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் என்றும் மாடல் டிராயிங் என்றும் இடமும் வலமும் ஒத்த வடிவுகளை அழித்து அழித்துத் தீட்டுவதைக் காணலாம். கை திருந்துகிறது என்பதை மறுக்கவில்லை. முகம் மட்டும் எங்கும் வருவதில்லை.

முகத்தைச் சிறுவருக்குக் கற்பித்தது நாட்காட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரை எழுதி, பின் கோவில்பட்டியில் நிலைகொண்ட கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் எழுதிய தெய்வ முகங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து தமிழ்நாட்டின் வீடுகளுக்கெல்லாம் சென்றன. அவற்றை இழித்துரைக்கும் நவீன ஓவிய அன்பர்கள் சிலர் நம்மிடையே உளர். எனக்கு அம்முகங்கள் மீது மதிப்பு உண்டு. மீனாட்சி என்றவுடன் நம் மனத்தில் எழும் முகத்தில் ஒரு பங்கு அவர்கள் தந்தது. ஆனால் மாசற்ற, சமன்பட்ட, இளநகை மாறாத அம்முகமே முகம் என்று சிறுவர் உறுதிகொண்ட பிறகு, தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முகத்தை வரையத்தக்க முகமாக அவர்கள் கருதுவதில்லை.

கல்கத்தாவும் சென்னையும்

கியூபிசம் இந்தியாவுக்கு வந்தது வங்கத்தின் வழியாக. தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ககனேந்திரநாத் தாகூர் (1867–1938) 1920களின் தொடக்கத்தில் ஒளியையும் மாடிப்படிகளையும் முக்கோணங்களாய்ச் சிதறடித்து வரைந்தார். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1922இல் அவரை இந்தியக் கியூபிஸ்ட் எனக் குறித்துக் கட்டுரை எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில்தான் ஜெர்மனியின் பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. குழந்தைகளுக்காகக் கதை எழுதியவரும் அவரே என்பது நம் பொருளுக்கு இசைந்த செய்தி.

அவருடைய சிற்றப்பா இரவீந்திரநாத் தாகூரின் வழி வேறு. 1924ஆம் ஆண்டளவில் 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் தாம் அடித்துத் திருத்திய சொற்களைக் கோடுகளால் இணைத்தார். அடித்தல்கள் பறவையாயின, விலங்காயின, பின்னர் முகங்களாயின. 1930 மே மாதம் பாரிசில் அவர் ஓவியக்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69. கண்கள் மட்டுமே தெரியும் இருண்ட பெண் முகங்களைப் பலமுறை வரைந்தார். ஸ்டைனின் முகத்தைப் பிக்காசோ அழித்து எழுதியதையும், அடித்த சொல்லிலிருந்து தாகூருக்கு முகம் எழுந்ததையும் அடுத்தடுத்து வைத்துக் காண வேண்டும். நம் வட்டக் கவிஞர்களின் நோட்டுப் புத்தகங்களில் அடித்தல்களுக்குக் குறைவில்லை.

சென்னையில் 1929இல் ஓவியப் பள்ளியின் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெய்யுருச் சிற்பத்தில் வல்லவர். மெரினாவின் உழைப்பாளர் சிலையைக் கண்டோர் இதனை அறிவர். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார், 1957 முதல் 1967 வரை அப்பள்ளியின் முதல்வராய் இருந்தார், 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம் தோன்ற முன்னின்றார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களும், எழுத்துப்போன்ற கிறுக்கல்களும், எண்களும், மீனும் பறவையும் கலந்து வருகின்றன. எழுத்தும் ஓவியமும் ஒன்றாயிருந்த பழம்பொருளை ஐரோப்பாவுக்குச் சென்று வந்தபின் ஒருவர் மீட்டெடுத்தார் எனலாம். அப்பள்ளியின் எஸ். தனபால் வடித்த ஔவையாரின் முகத்தையும், பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டில் அறைந்து பற்றவைத்த முகங்களையும் இவ்வரிசையில் வைத்துக் காண வேண்டும்.

தமிழ் வாசகருக்கோ இவையெல்லாம் கலைக்கூடத்தின் வழி வரவில்லை. சிற்றிதழ் அட்டையின் வழி வந்தன. 'நடை', 'கசடதபற' முதலிய இதழ்களின் காலத்தில்தான் ஓவியர்களும் கவிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்தனர். திருச்சி மாவட்டத்துக் கீழக்குறிச்சியில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938–2008), காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டிக் காந்தியின் உருவத்தை நூறு கோட்டோவியங்களாய் வரைந்தார். நூறிலும் ஒரே மனிதர், நூறிலும் வேறு முகம். பின்னர் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்த முகங்கள் வாரப் பத்திரிகையின் வழியே சிற்றூர்த் தேநீர்க் கடைகளுக்கும் சென்றன. நவீன கோடு தமிழ்ச் சிறுவன் ஒருவன் கைக்கு எட்டிய முதல் தருணம் அதுவாகவும் இருக்கக்கூடும். நம் மதுரையில் 1953இல் பிறந்த டிராட்ஸ்கி மருதுவின் கோடுகளைப் பற்றி இம்மலரைப் படிப்போர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலூர்ப் பக்கத்து வகுப்பறை

நம் வட்டத்தின் சார்பில் சிறுவருக்குக் கவிதை அறிமுகம் செய்யச் சென்றபோது மேலூர் வட்டத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பின் ஓவியப் பாடவேளையை முழுவதும் காணும் வாய்ப்புக் கிட்டியது. அவ்வாசிரியை பிக்காசோ என்ற பெயரைத் தொடக்கத்தில் சொல்லவே இல்லை. அருகிலிருப்பவரின் பக்கவாட்டு முகத்தை வரையச் சொன்னார். பிறகு எழுந்து சென்று எதிரே அமர்ந்து, தாளை மாற்றாமல், அதே முகத்தின்மேல் நேர்முகத்தை வரையச் சொன்னார். கோடுகள் குறுக்கிட்டன. அழிப்பான்கள் முன்பே மேசையில் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

"டீச்சர், மூக்கு எந்தப் பக்கம் போடணும்?" என்றான் ஒருவன்.

"உனக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

"ரெண்டு பக்கமும் தெரியும் டீச்சர்."

"அப்ப ரெண்டையும் போடுப்பா."

அவ்வளவே கொள்கை விளக்கம். அடுத்து, குறுக்கிட்ட கோடுகளுக்கிடையே பிறந்த சிறு கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினர். கரித்துண்டு, செங்கற்பொடி, மஞ்சள், பழைய நாளிதழ்க் கிழிசல். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை. 1912இல் பிராக்கும் பிக்காசோவும் தாளையும் செய்தித்தாளையும் ஓவியத்தில் ஒட்டத் தொடங்கினர் என்பதை ஒட்டி முடித்தபிறகே ஆசிரியை சொன்னார். அச்சிட்ட ஓவியப் படங்களை எடுத்துக் காட்டியதும் அப்போதுதான். பிள்ளைகள் வியக்கவில்லை. தங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் வரைந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தனர்.

இரண்டாம் வேளையில் வீட்டிலுள்ள ஒருவர் முகத்தை நினைவிலிருந்து எழுத வேண்டும். சிறுமி ஒருத்தி தன் அப்பத்தாவை எழுதினாள். காதிலிருந்து தொடங்கினாள். பாம்படத்தை அறிந்தவர்க்குக் காரணம் விளங்கும். அரக்கின்மேல் பொன்தகடு போர்த்து, உருண்டையும் சதுரமும் கூம்புமாய் ஒட்டிச் செய்த அணி அது. பாரிசு ஓவியர்கள் கனவடிவங்களை எண்ணிப் பார்க்கும் முன்பே பாண்டிநாட்டுக் கிழவியர் அவற்றைக் காதில் தொங்கவிட்டிருந்தனரோ என்று கேட்கத் தோன்றும் (அப்படிக் கேட்டால் நான் மேலே கண்டித்த மேடைப் பேச்சாளர்களோடு சேர்ந்துவிடுவேன்). காதில் தொடங்கிய சதுரமும் உருண்டையும் கன்னத்திற்கு ஏறின, பிறகு நெற்றிக்கு. அம்முகத்தில் ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் இருந்தது. அப்பத்தா பகலில் அப்படித்தான் தூங்குவார் என்றாள். மற்றொரு சிறுவனின் தந்தை லாரி ஓட்டுநர். முகத்தில் மூன்று கண்கள். மூன்றாவது கண் பக்கத்துக் கண்ணாடியைப் பார்ப்பதற்கு.

வகுப்பின் சிறந்த ஓவியன் என்று பெயர்பெற்ற மாணவன் மட்டும் வரைய மறுத்துவிட்டான். தாளை வாங்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். முகத்தைக் கோணலாக்குவது அவனுக்குத் தவறாகப் பட்டது, ஓரளவு பாவமாகவும் பட்டது. ஆசிரியை அவனை வற்புறுத்தவில்லை. அது சரி என்பதே என் கருத்து. கியூபிசத்தையே புதிய சவுத் கென்சிங்டனாக்கி, எல்லோரும் மூக்கை இடம் மாற்றி வைத்தே தீர வேண்டும் என்றால் பழைய நோய்க்குப் புதிய பெயர் இட்டதாகும். அவனுக்கு ஆதிமூலத்தின் காந்தி முகங்களைக் காட்டினார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாய் ஒருவர், இப்படி மாறுகண்ணாய் வரைந்தால் ஆகுமா என்று கேட்டார். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின்முன் தொங்கும் திருஷ்டிப் பொம்மையின் முகம் எப்படி இருக்கிறது என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். அத்தாய் சிரித்துவிட்டார்.

யாருக்கு, எந்த வயதில்

லுக்கே சொன்ன வயதை இங்கு நினைவுகொள்ள வேண்டும். அறிந்ததை அஞ்சாமல் எழுதும் பருவம் ஒன்பது வயதளவில் முடியத் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்பு வரை நம் அரசுப் பள்ளிகளில் ஓவியத்திற்கெனத் தனி ஆசிரியர் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் பயிலும் பள்ளிக்கே பகுதிநேரக் கலைப் பயிற்றுநரை வலியுறுத்துகிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்குப் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்திற்கு மூன்று அரை நாள், தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். பணிநிலைப்பு வேண்டி அவர்கள் பலமுறை போராடியதை நாளிதழ்களில் படித்திருப்போம். ஓவிய ஆசிரியர் குழந்தையைச் சந்திக்கும்போது அதற்குப் பதினொரு வயது. இரண்டு கண்ணையும் இட்ட கை, ஒன்றை மறைக்கப் பழகியிருக்கிறது. நாட்காட்டி முகம் முன்பே வந்து அமர்ந்துவிட்டது. ஆசிரியர் கற்பிக்க வேண்டியது புதியதை அன்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்குழந்தையே அறிந்திருந்ததை.

நான் கண்ட ஆசிரியைக்கு அடுத்த பருவத்திற்கு ஒரு திட்டம் உண்டு. பிள்ளைகளை மதுரைக்கு மறுபுறமுள்ள விளாச்சேரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். திருப்பரங்குன்றத்தை அடுத்த அவ்வூரில் வேளார் குடும்பங்கள் மண்பொம்மை செய்கின்றன. இம்மண்ணின் வேளார் கலையைப் பற்றிக் கனடா நாட்டு அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் எழுதிய ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் நூலாக வெளியிட்டது. நம்மவர் பலர் அந்நூலைக் கண்டிருக்கவும் மாட்டோம். அய்யனாருக்கு நேர்ந்த புரவியானாலும் கொலுவுக்குரிய பொம்மையானாலும், உடல் முழுதும் முடிந்தபின் இறுதியில்தான் கண் எழுதப்படுகிறது. அதுவரை அது முகமன்று, மண். கண் எழுதும் அந்நேரத்தில் பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டும், வேளாரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இம்முறை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். பேருந்துக் கட்டணத்திற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். கண் எழுதும் நாள் ஆசிரியை பள்ளிக்கு வரவேண்டிய மூன்று அரை நாள்களுள் ஒன்றாக அமைய வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை. அவ்வாறு அமையாவிட்டால் ஊதியமில்லாத நாளிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.